முன்பீரங்கிக்காரரின் காது

என் புருஷன் பொய்க்காரர் என்று சர்க்கார் தாள் ஒன்று சொல்கிறது. இதை எழுத உட்கார்ந்த காரணமே அதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு போர்க்கப்பலில் ஏழு வருஷம் பீரங்கிக்குக் குண்டு போட்டவர். இரண்டு காதும் போனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது கையில் கொடுத்த தாளில், சிறு வயது முதலே காது நோய் உள்ளவர், சேரும்போது அதை மறைத்துவிட்டார் என்று எழுதியிருந்தது. மறைத்தாராம்! எனக்கு வாங்கி வந்த புடவையின் விலையைக்கூட மறைக்கத் தெரியாத மனுஷன் அவர்.

அவர் எனக்கு அத்தை மகன். சத்தியவேடு பக்கத்தில் ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தோம். அப்போது எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. நாகலாபுரம் பக்கமிருந்து பஸ் வந்தால், புழுதி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தைக் காதில் வாங்கி, பஸ் வந்துக்கினு கீது என்று தெருவுக்கே சொல்லுகிற பையன். கப்பலில் சேரப் போனபோது மெட்ராஸில் ஒரு டாக்டர் அவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, அறையின் அந்தக் கோடியிலிருந்து ரகசியக் குரலில் நம்பர் நம்பராகச் சொல்லியிருக்கிறார். இவர் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார். கூடப் போன பையன்களில் இரண்டு பேரை அந்த இடத்திலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையில் தேறியவரைத்தான் சிறு வயதுக் காது நோய்க்காரர் என்று எழுதினார்கள். அப்படியானால் அந்த மெட்ராஸ் டாக்டர் அன்றைக்கு என்ன பூப்பறித்துக்கொண்டிருந்தாரா?

கப்பலை நான் பார்த்ததே இல்லை. கடலையே மெட்ராஸில் ஒரே ஒருமுறை, ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில், அரைமணி நேரம் பார்த்தேன். ஆனால் அந்தக் கப்பலை இன்றைக்கும் கரும்பலகையில் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மனு எழுதுகிறவளுக்கு விஷயம் தெரிய வேண்டாமா? அவர் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து கற்றுக்கொண்டேன். கப்பலின் பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. அது இன்னா தப்பு பண்ணிச்சு என்று அவர் கேட்பார்.

டெஸ்ட்ராயர் என்று சொல்லும் ஜாதி. நம் பத்திரிகைகளில் நாசகாரிக் கப்பல் என்று எழுதுவார்கள். பெரிய கப்பல்களுக்குக் காவலாக முன்னும் பின்னும் ஓடுவதும், தண்ணீருக்கடியில் ஒளிந்து வரும் கப்பலைத் தேடிப் பிடித்து அடிப்பதும் அதன் வேலை. ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. நீளம் முந்நூற்று ஐம்பத்தெட்டு அடி. அகலம் முப்பத்தாறு அடிகூட நிறையாது. உள்ளே இரண்டு பாய்லர், நாற்பதாயிரம் குதிரை சக்தி. கடலில் மணிக்கு நாற்பது மைல் போகும் என்று சொன்னால் எங்கள் ஊர் பஸ் டிரைவர், சும்மா காதுல பூ சுத்தாதீங்க டீச்சர் என்பார். வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகக் கட்டியது. கிழக்குக் கடலில் அவனுக்கு உழைத்துவிட்டு, நமக்குச் சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்தில் அதே அச்சில் கட்டிய இன்னும் இரண்டோடு சேர்ந்து நம்மிடம் வந்தது. புதுப் பெயர் வைத்தார்கள், நம் கொடியை ஏற்றினார்கள். பீரங்கி மட்டும் அதே பீரங்கி.

நாலு பீரங்கி. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. நடுவில் நாலு நாலாகக் கட்டி வைத்த எட்டு டார்பிடோ குழாய்கள். வாலில் தண்ணீருக்குள் உருட்டி விடுகிற வெடிப் பீப்பாய்கள். வானத்தைப் பார்த்துச் சுடுவதற்குச் சின்னத் துப்பாக்கிகள் வேறே. இதற்கு முந்தைய அச்சுக் கப்பல்களில் ஆபீசர்களின் அறைகள் பின்பக்கம் இருந்தனவாம். புயல் அடிக்கும்போது திறந்த தளத்தின் மேல் நடந்து முன்பக்கம் வர அவர்களுக்குக் கஷ்டமாக இருந்ததால், இந்த அச்சில் அந்த அறைகளை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆபீசருக்கு நனையுமே என்று கப்பலின் வரைபடத்தையே மாற்றத் தெரிந்தவர்களுக்கு, பீரங்கிக் கூண்டின் முதுகை மூடத் தெரியவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கூண்டுதான் விஷயம். ஒவ்வொரு பீரங்கிக்கும் இரும்புத் தகட்டில் ஒரு கூண்டு உண்டு. முன்னால் தகடு, இரண்டு பக்கமும் தகடு. பின்னால் ஒன்றும் கிடையாது, திறந்த வாசல்தான். குண்டைத் தூக்கி வருகிறவர்கள் போக வர அப்படி வைத்தார்கள். முன்பக்கத்து இரண்டு பீரங்கிகளில் ஒன்று கப்பலின் தளத்திலேயே நிற்கும். அதற்கு ஏ பீரங்கி என்று பெயர். அதற்குப் பின்னால் ஒரு மாடி உயரத்தில் இன்னொன்று, அது பி பீரங்கி. பி பீரங்கி நேர் எதிரே சுட்டால் அந்த வெடிச்சத்தமும் அடிக்காற்றும் ஏ பீரங்கிக்காரர்கள் தலைக்கு மேலாக வந்து, அந்தத் திறந்த முதுகு வழியாக உள்ளே இறங்கும். என் புருஷன் ஏ பீரங்கிக்காரர். ஐம்பது பவுண்டு குண்டைக் கையால் தூக்கிப் போடுகிறவர்.

நம்ம பீரங்கி சத்தம் நம்மள ஒண்ணும் பண்ணாது, வரப்போவுதுன்னு தெரியும். வாயைத் திறந்து வெச்சிக்கினு நிப்போம் என்று சொல்லுவார். மேலே இருக்கிற பீரங்கி எப்போது சுடும் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நேர் எதிரே சுடுவது அபூர்வம். சுட்டாலும் கீழே இருப்பவர்களுக்கு முன்னதாகச் சொல்லிவிடுவதுதான் வழக்கம். திருகோணமலைப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது, ஒருநாள் பெரிய ஆபீசர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். இன்னொரு கப்பல் இழுத்துக்கொண்டு போகும் குறிப்பலகையை நாலு பீரங்கியும் நிறுத்தாமல் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. கீழே இருப்பவர்களுக்கு முன்னதாகச் சொல்லும் வழக்கமெல்லாம் அன்றைக்கு இல்லை. ஏ பீரங்கிக்காரர்கள் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கேட்டார்கள். எடுத்து வர நேரம் இல்லை என்றார்கள். பெரிய ஆபீசர் காதில் பஞ்சு இருந்தது. இவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் தலையணையில் ரத்தம். ஒரு மாதம் ஆஸ்பத்திரி அறையில் படுக்க வைத்தார்கள், பிறகு திரும்பவும் அதே பீரங்கிக்கு அனுப்பினார்கள், இன்னும் ஒரு வருஷம் வேலை வாங்கினார்கள். மிச்சமிருந்ததும் போனது. பஞ்சு ஏன் கொடுக்கவில்லை என்று மேலிடத்தில் யாராவது கேட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சிறு வயது நோய் என்று எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், எட்டாம் கிளாஸ் படித்த எனக்கே புரிந்தது.

வீட்டுக்கு வந்தவர் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. காது போனதைவிட அந்தத் தாள்தான் அவரை அரித்தது. ஊரில் வாய் சும்மா இருக்குமா? செவிடை மறைச்சிக்கினு சர்க்கார் சோறு துன்னான் என்று டீக்கடையில் ஒருத்தன் சொல்லி, அதை இன்னொருத்தன் என்னிடம் வந்து சொல்லி, நான் அந்த டீக்கடைக்கே போய்க் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பணம் வேண்டாம், நிலம் வேண்டாம், அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரியே மனு எழுதினேன்.

நான் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழந்தைகளுக்கு அட்சரம் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே இவருக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு வரி வரியாக. தமிழ் ஆறு மாதத்தில் பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் தமிழ் மட்டும் போதாதே, சந்தையில் பாதிப் பேச்சு தெலுங்கு. அதையும் கற்றுக் கொடுத்தேன். ஒன்றரை வருஷத்தில் சைக்கிள் கடை வைத்தார். பஞ்சர் ஒட்ட வருகிற வெளியூர்க்காரனுக்கு இவர் செவிடர் என்றே தெரியாது. டீச்சரு புருஷனுக்குக் காது வந்துடுச்சு என்று ஊரில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று பின்னால் தோன்றியது.

மனு போய்க்கொண்டே இருந்தது. மெட்ராஸ் பக்கத்து ஜில்லா ஆபீஸில், இவருக்குச் சிறு வயதில் காது நன்றாகக் கேட்டது என்று ஊர் முன்சீப்பிடம் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது என்றார்கள். திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு. யாருக்குத் தீர்ந்ததோ, எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் காகிதமெல்லாம் தகரப் பெட்டியில் சித்தூருக்குப் போய்விட்டது, அங்கே போய்க் கேளுங்கள் என்று மெட்ராஸ் பக்கம் சொன்னார்கள். உங்கள் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்று சித்தூரில் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பெட்டி வந்தது. எல்லாம் தமிழில் இருக்கிறது, தெலுங்கில் கொண்டு வாருங்கள் என்றார்கள். நானே எழுதினேன், ஏ பீரங்கி, பி பீரங்கி, திறந்த முதுகு எல்லாவற்றையும். முன்சீப் சர்டிபிகேட் பழைய ராஜ்யத்து முத்திரையோடு இருக்கிறது, செல்லாது, புது முத்திரையில் வேண்டும் என்றார்கள். அதே முன்சீப்தான், அதே வீட்டில்தான் இருந்தார். புது முத்திரை வந்த நாளுக்கு முன்னால் நடந்ததற்கு நான் எப்படியம்மா சாட்சி சொல்ல என்று அவர் கையை விரித்தார். அவருக்கு இவரைத் தொட்டிலில் இருந்தே தெரியும்.

அப்போதுதான் என் புருஷன் திருப்பதியில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். அதே கப்பலில் ஆஸ்பத்திரி அறையில் வேலை பார்த்தவர். காயத்துக்கு மருந்து போட்டு, நோட்டில் எழுதி வைக்கிற வேலை. கோவில் கைங்கரியம் செய்யும் ஐயங்கார் குடும்பம். கப்பலை விட்டு வந்து அவரும் கோவில் வேலையில் சேர்ந்திருந்தார். திருச்சானூரில் தாயாரைச் சேவித்துவிட்டு, நானும் இவரும் அவர் வீட்டைத் தேடிப் போனோம். இவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். இலையில் புளியோதரை வைத்தார். தலையணையில் ரத்தம் பார்த்ததைத் தானே சொன்னார். நோட்டில் வெடிச்சத்தத்தால் என்று எழுதியதையும், மறுநாள் மேலே இருந்தவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொன்னதையும் சொன்னார். எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதினேன் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இதையே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள், இரண்டு வரி போதும் என்றேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"எழுத்துல வேண்டாம்மா. நான் அன்னைக்கு மாத்தி எழுதினேன்னு இன்னைக்கு எப்படி எழுதறது? என்னைன்னா பிடிச்சுப்பா."

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். தினமும் பெருமாள் எதிரே நிற்கிறீர்களே, அவர் கேட்டால் அவருக்காவது எழுத்தில் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். என் புருஷன் மட்டும் இலையை முடித்துவிட்டு, கை கழுவி, அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அவனும் பயந்தவன்தான், வுடு என்றார்.

கடைசியில் சித்தூரில் ஒரு டாக்டர் இவரைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. எந்த ஆஸ்பத்திரி, யார் என்று எழுதமாட்டேன். இளவயசுக்காரர், தெலுங்குக்காரர், முகத்தில் கெட்ட குணம் ஒன்றும் தெரியவில்லை. பெண்கள் வெளியே உட்காருங்கள் என்றார் அங்கிருந்த ஆள். கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். காது சரியில்லாதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாது. உள்ளே அவர் பேசுவது வராண்டா முழுக்கக் கேட்டது.

டாக்டருக்குக் கப்பல் பைத்தியம் போலிருக்கிறது. எந்தக் கப்பல், எத்தனை பீரங்கி, எவ்வளவு வேகம் என்று கேட்க ஆரம்பித்தார். நம்புங்கள், அவர் வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் எந்த ஆபீஸிலும் ஒரு ஆள்கூட அந்தக் கப்பலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனுவைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இவர் மலர்ந்துவிட்டார். பாய்லரைச் சொன்னார், நாற்பதாயிரம் குதிரையைச் சொன்னார். டார்பிடோ எப்படிக் குழாயிலிருந்து பக்கவாட்டில் பாயும் என்று கையால் காட்டியிருப்பார், மேஜையில் தட்டுகிற சத்தம் கேட்டது. வெடிப் பீப்பாய் வெடித்தால் வாலில் தண்ணீர் பனைமர உயரம் எழும் என்றார். கொச்சியில் பீரங்கி கற்றுக்கொண்டதையும், மேற்கே வெகுதூரம் கப்பல் போய்வந்த துறைமுகங்களையும் வரிசையாகச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அவரோடு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம்தான் உறைத்தது. டாக்டர் மெதுவான குரலில் கேட்கிறார். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று, நடுவில் இவருக்குக் கப்பலில் பழகிய இங்கிலீஷில் ஒன்று. இவர் ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் சொல்கிறார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். டாக்டர் முகத்தில் நேராக வெயில்.

அந்த ஆள் தடுக்கத் தடுக்க உள்ளே ஓடினேன். டாக்டர் எழுதி முடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சிரித்துக்கொண்டே, "பாகா வினபடுதோந்தி அம்மா, நன்னா கேக்குது" என்றார். இவர் உங்கள் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறார் ஐயா, முதுகைத் திருப்பி உட்கார வைத்துக் கேளுங்கள் என்றேன். அவர் சிரிப்பு போய்விட்டது. ஒரு மணி நேரம் நான் அவரோடு பேசியிருக்கிறேன், எனக்கு என் வேலை தெரியும் என்றார். மெட்ராஸில் இப்படித்தான் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள் என்றேன். இது மெட்ராஸ் இல்லை என்றார். காதைச் சோதிக்கிற கருவி அங்கே கிடையாது. கருவி இல்லையே என்று அவர் கவலைப்படவும் இல்லை. என்னைத்தான் பார்த்தார், பொய் சொல்லச் சொல்லிக் கூட்டி வந்த பெண்டாட்டியைப் பார்ப்பது போல.

என் புருஷன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேகமாகப் பேசியதில் அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. வெளியே வந்ததும், நல்ல மனுஷன் டீச்சரு, கப்பலைப் பத்தி எல்லாம் கேட்டாரு என்றார். அவர் என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார். நான் அவரிடம் ஊர் வந்து சேரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தானே, யார் மேல் கோபப்பட?

நாலைந்து மாதம் கழித்து சித்தூர் ஆபீஸுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அங்கே இருந்த ஒரு குமாஸ்தா, வயசானவர், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் சிறு வயது முதலே செவிடர் என்று இருக்கிறது. இன்னொன்றில் செவிடே இல்லை என்று இருக்கிறது. இரண்டும் சர்க்கார் தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது நல்லதுக்குத்தான் அம்மா என்றார். செவிடே இல்லாதவர் எதை மறைத்திருக்க முடியும்? எனக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அந்த வரி தவறாக எழுதப்பட்டது என்று நான் மேலே எழுதி அடிக்க வைக்கிறேன் என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் வழி சொல்கிறார். பீரங்கி விஷயம் போய்விடுமே என்று ஒரு நொடி தோன்றியது. போனால் போகட்டும். பீரங்கியா என் வீட்டில் சாப்பிடுகிறது? பொய்க்காரர் என்கிற பெயர் போனால் போதும். வாக்குமூலத்தை அங்கேயே தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று நானே எழுதினேன். அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சட்டை போடச் சொன்னேன். வரியை அடிக்கப்போறாங்க மாமா என்று மட்டும் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தார், சுதி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

குமாஸ்தா பேனாவைத் திறந்து கொடுத்தார். இவர் கையெழுத்துப் போடுமுன் தமிழ்த் தாளை எடுத்துப் படித்தார். மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"இன்னா மாமா?" என்றேன், அவர் எதிரே போய் நின்று.

"இதுல காது கேக்குதுன்னு கீது."

"ஆமா. அப்படி எழுதினாத்தான் அந்த வரிய அடிப்பாங்க."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திச் சொன்னார், இருந்தாலும் அந்த ஆபீஸ் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"டீச்சரு, அவங்க என்னைப் பொய்க்காரன்னு எழுதனாங்க. இதுவரிக்கும் நான் ஒரு பொய்யும் சொல்லல. இதுல கையெழுத்து போட்டன்னா, அவங்க எழுதனது நெசமாப் பூடும்."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். சொல்லுங்களேன் அம்மா என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. எத்தனை மனு, எத்தனை பஸ், எத்தனை பேர் காலைப் பிடித்தேன், இப்போது வந்து உத்தமர் வேஷம் கட்டுகிறாயா, நீ என்ன அரிச்சந்திரனா, உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன் என்று என் ஆத்திரம் தீருகிற வரைக்கும் அந்தச் சுவரிடம் திட்டினேன். ஆபீஸில் அத்தனை பேரும் கேட்டார்கள், அவர் ஒருவரைத் தவிர. திட்டி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் வாக்குமூலத்தை ஒழுங்காக மடித்து, குமாஸ்தாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் மனு எழுதவில்லை. எந்த வாசகத்தில் எழுதப் பார்த்தாலும் அந்த இரண்டு தாளில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்றது. கப்பல் இன்னும் பல வருஷம் ஓடிவிட்டு, கிழடாகி, உடைக்கப் போனது. அந்தச் செய்தியைப் பேப்பரில் காட்டினேன், படித்துவிட்டு அன்றைக்குச் சைக்கிள் கடையைத் திறக்கவில்லை. இப்போது அவரும் போய்விட்டார். அவரைப் பீரங்கிக்கு அடியில் பஞ்சு இல்லாமல் நிறுத்தியவர்களும், தாளைக் கிழித்து மாற்றி எழுதச் சொன்னவர்களும் நல்ல பெயரோடு வேலை முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்கேயோ ஒரு ஆபீஸில் இருக்கிற அந்தத் தாளில் என் புருஷன் இன்றைக்கும் பொய்க்காரர்தான், ஒரே ஒரு பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதால்.